மிதிக்க மாட்டேன் என்ற ஊர்

2008இல் கரண்டு அடிக்கடி போக ஆரம்பித்ததும் பிராங்க்ளினுக்குக் கை அரித்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவன், பஞ்சரை விட்டுவிட்டு நடைபாதையில் போகிற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இம்புட்டு மிதியும் வீணாப் போகுதே” என்றான் பெண்டாட்டி சகாயசெல்வியிடம்.

அவளுக்குப் பக்கத்திலேயே பஜ்ஜிக் கடை. சாயங்காலம் கரண்டு போனால் வியாபாரம் படுத்துவிடும்.

பிராங்க்ளின் அவள் கடை வாசலில் நடைபாதையில் ஓர் இரும்புத் தகடு பதித்தான். அடியில் ஸ்பிரிங்கு, செயின், சைக்கிள் சக்கரம், டைனமோ. தகட்டை மிதித்தால் சக்கரம் செத்த நேரம் சுற்றும். பக்கத்தில் நட்ட கம்பியில் பல்பு எரியும்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன்” என்றாள் சகாயசெல்வி. “கடைக்கு வெளிச்சம் வரலைன்னா தகடு பழைய இரும்புக்குப் போயிரும்.”

முதலில் மிதித்தது பூக்காரி மூக்காயி. பல்பு எரிந்ததும் காலை வெடுக்கென்று எடுத்தாள். “வெளக்கப் போயி மிதிச்சுப்புட்டேனே” என்று தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் தகட்டின்மேல் ஒரு முழம் கதம்பம் கிடந்தது. அதற்கப்புறம் ஊரே தகட்டை மிதிக்காமல் சுற்றிப் போனது.

“அது வெறும் டைனமோண்ணே, மிதிங்க” என்று மூட்டை தூக்கும் கருப்பணனிடம் கெஞ்சினான் பிராங்க்ளின்.

“நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரன், சொல்லுவ. கீழ லச்சுமி இருக்காப்பா.”

சரி, நம்ம ஆளாவது மிதிப்பார் என்று மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருக்கும் அந்தோணிமுத்துவைக் கூப்பிட்டான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

“மாதா கெபியில எரியிற மெழுகுதிரிய மிதிப்பியாடா நீ?”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடப் போகிறாள் என்றுதான் பிராங்க்ளின் நினைத்தான். சகாயசெல்வி கம்பியிலிருந்த பல்பைக் கழற்றி, ஒயரை நீட்டி, கடைக்குள் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். தகட்டின்மேல் ஒரு பழைய சாக்கை விரித்தாள்.

சாக்கைப் பார்த்த ஊர் சும்மா போகுமா? வந்தவர்களெல்லாம் அதில் காலைத் தேய் தேயென்று தேய்த்தார்கள். கரண்டு போன தெருவில் பஜ்ஜிக் கடை மட்டும் பளிச்சென்று இருந்தது.

“ஏத்தா, ஒங்க கடைக்கு மட்டும் ஏது லைட்டு?” என்றார் கருப்பணன்.

பிராங்க்ளின் மார்பை நிமிர்த்தி வாயைத் திறந்தான். சகாயசெல்வி அந்த வாயில் சூடாக ஒரு வாழைக்காய் பஜ்ஜியைத் திணித்தாள்.

“எல்லாம் ஒங்க புண்ணியந்தான்ணே” என்றாள். “செத்த காலத் தொடச்சுட்டு உள்ள வாங்க.”