என் தங்கைக்காக மாப்பிள்ளை தேடிய இலவச ஆப்

மாப்பிள்ளை மறைந்து ஓர் ஆண்டு நிறைகிற இந்நாளில் வந்து கூடியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அவரோடு வேலை பார்த்த நண்பர்களுக்கும் என் வணக்கம். இந்த நினைவு மலரில் எழுதுகிறவன் அவருடைய மனைவிக்கு அண்ணன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் வண்டியில் பைப் தூக்கும் ஆளாக ஏறி, வடநாடெல்லாம் சுற்றி, இன்று திருச்செங்கோட்டில் சொந்தமாக மூன்று ரிக் வண்டி ஓட்டுகிறேன். எனக்கு எவனும் வழி காட்டவில்லை, கை தூக்கிவிடவும் இல்லை. பாறைக்கு அடியில் தண்ணீரைத் தேடி எடுக்கிறவனால், ஒரு போனுக்குள் வீட்டுச் செலவு எழுத உருப்படியாக ஓர் ஆப் அவருக்குத் தேடித் தர முடியவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மாப்பிள்ளை நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு காட்டுக்கொட்டாயில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனார் தவறிவிட்டார். இருந்த கொஞ்ச நிலத்தில் குச்சிக்கிழங்கு போட்டு, தாயார்தான் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். பிறகு லாரியில் கிளீனராகி, டிரைவராகி, கடைசியில் திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியின் பஸ் டிரைவராக நிலைத்தார். அவர் பஸ் நேரம் தப்பி யாரும் பார்த்ததில்லை. கோபத்தில் ஆரன் அடித்தவர் இல்லை. என்னிடம் வாருங்கள், இரட்டைச் சம்பளம் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "சொந்தத்துக்குள்ள மொதலாளி வேண்டாமுங் மச்சான்" என்று சிரித்தே தட்டிவிட்டார். அவருக்கும் என் தங்கைக்கும் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

நெஞ்சில் வால்வு பழுது என்று டாக்டர் சொல்லி, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இந்த ஆப் தேடும் வேலை தொடங்கியது. அதுவரை வீட்டு வரவு செலவெல்லாம் அவர் மனக்கணக்கு. மளிகைக்கு இவ்வளவு என்று தங்கை கையில் கொடுப்பார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தனக்குப் பிறகு அவளுக்கு வரப்போவது சின்ன பென்ஷனும், வீட்டு முன்பக்கக் கடை வாடகையும். அதற்குள் மாதத்தை ஓட்ட அவள் பழக வேண்டும், தான் கண் திறந்திருக்கும்போதே பழக வேண்டும் என்று நினைத்தார். நோட்டில் எழுதலாம்தான். அவளுக்குக் கூட்டல் வராது, போன் என்றால் அதுவே கூட்டிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம்.

"நானில்லியா மாப்ள? எந்தங்கச்சிய நான் எங்கூட்டுக்குக் கூட்டிக்க மாட்டனா?" என்றேன்.

"உங்கூட்டுக்கு அவ கூடப் பொறந்தவளா வரோணும் மச்சான். வேற வழியில்லாம வரக்கூடாதுங்."

எனக்குச் சுருக்கென்றது. அவருக்காக நான் காசு போட்டு நல்ல ஆப்பாக வாங்கித் தருகிறேன் என்றதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "வருசா வருசம் கட்டோணும். ஒரு வருசம் அவ கட்டாம உட்டா, எழுதுனதெல்லாம் பூட்டிக்குமுங். காசு கேக்காததா இருக்கோணும்."

இலவசம் என்று போனில் கொட்டிக் கிடக்கிறது. கொட்டிக் கிடப்பதில் பாதி இங்கிலீசு. என் தங்கைக்கோ தமிழ் மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றையும் இறக்கி, ஒரு வாரச் செலவை எழுதி, அவள் கையில் போனைக் கொடுத்து, "பாலுக்கு எத்தனையாச்சுன்னு பாத்துச் சொல்லு" என்பார். அவள் சொல்லிவிட்டால் அந்த ஆப் தேறியது. அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை பால் கணக்கை மறைத்துக்கொண்டு ஒரு பொம்பளை படம் வந்து, உடனே கடன் வேண்டுமா என்று சிரித்தது.

"ஏனுங்க, இவ எதுக்கு நமக்குக் கடன் தர்றேங்கறா?"

"நீ செலவு எழுதறதப் பாத்துட்டுத்தான் வந்திருக்கறா" என்று சொல்லி அதை அழித்துவிட்டார்.

இன்னொன்று பேங்கிலிருந்து வரும் மெசேஜையெல்லாம் நான் படிக்கலாமா என்று கேட்டது. எங்க ஊட்டு மெசேஜ உனக்கெதுக்குடா என்று போனைப் பார்த்தே கத்திவிட்டேன். மற்றொன்று தமிழிலேயே இருந்தது. தங்கையும் ஆசையாக எழுதினாள். மாதம் முடிந்ததும் பூட்டுப் படம் போட்டு, பணம் கட்டினால்தான் பழசைக் காட்டுவேன் என்றது. இலவசம் என்று கூப்பிட்டு உள்ளே வைத்துப் பூட்டுகிறவனை என்ன செய்வது? என் தொழிலில் அப்படிச் செய்திருந்தால் போர் போட வந்த வண்டியை ஊர்க்காரர்கள் திரும்ப விட்டிருப்பார்களா?

பிறகு ஒன்று கிடைத்தது. விளம்பரம் இல்லை, பூட்டும் இல்லை. சினிமாவுக்கு, நாய்த் தீனிக்கு, உடற்பயிற்சிக்கு என்று படம் படமாகத் தலைப்பு. அன்று நாங்கள் மூவரும் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்திருந்தோம்.

"மொய் வெச்ச பணத்த இதுல எங்கீங்க போடறது?" என்று கேட்டாள் தங்கை.

"செலவுல போடு" என்றேன்.

"மொய் எப்படீங்கண்ணா செலவாகும்? நாளைக்கு நம்மூட்டு விசேசத்துல திரும்பி வருமில்ல?"

பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மாப்பிள்ளை சிரித்தார். "நம்மூட்டுல இனி ஒரே விசேசந்தான் பாக்கி. அதுக்கு ஆரும் மொய் எழுத மாட்டாங்க."

தங்கை போனை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"வாயக் கழுவுங்க மாப்ள" என்று சத்தம் போட்டேன். "திரும்பி வராதுன்னு தெரிஞ்சும் எதுக்குங்க ஊரூராப் போய் மொய் வெக்கறீங்க?"

"கண்ணாலம் பண்றவங்களுக்கு ஆகட்டும்னு வெக்கறனுங். எனக்கு வரட்டும்னா வெக்கறேன்?"

வரவு, செலவு இரண்டோடு 'கொடுத்தது' என்று மூன்றாவதாக ஒரு தலைப்பு அவருக்கு வேண்டியிருந்தது. சொந்தத் தலைப்பு போட வேண்டுமானால் பணம் கட்டு என்றது அந்த ஆப். அதுவும் போயிற்று.

கடைசியில் எதைப் பிடித்தார் தெரியுமா? ஆபீசில் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்களே, கட்டம் கட்டமாக ஒரு ஷீட், அது போனில் சும்மாவே வருகிறது. மூன்று தலைப்பையும் தமிழில் அடித்து, தானாகக் கூட்டும்படி செய்து வைத்தார். நெட் இல்லாமலும் திறந்தது. "இந்தக் கட்டத்துக்கா மாப்ள இத்தன மாசம்?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாள் சாயங்காலம், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கை அன்றைய ஆட்டோ வாடகையை எழுதிக்கொண்டிருந்தாள். "இந்த மாசம் கையில எத்தன நிக்குது?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துச் சொன்னாள். "செரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

இந்த மலரை நாற்பது பக்கத்தில், முழுக்கக் கலரில் போட அச்சகத்தில் பேசிவிட்டு வந்தேன். தங்கை போனைத் திறந்து பார்த்தாள்.

"இந்த மாசம் அதுக்கு எடமில்லீங்கண்ணா."

"நாந்தான குடுக்கறேன்! உன்னய ஆரு கேட்டா?"

"அவுரு மலரு அவுரு பணத்துல வரட்டுமுங்கண்ணா. எட்டுப் பக்கம் போட்டாப் போதும். அதுல உங்களுக்கு ரெண்டு பக்கம்."

மூன்று ரிக் வண்டிக்காரனுக்கு இரண்டு பக்கம்! எழுத மாட்டேன் போ என்றேன். "செரிங்கண்ணா, அங்க இன்னொரு போட்டோ போட்டுக்கறேன்" என்றாள். ஆகவே எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்த கல்லூரி பஸ் டிரைவர்கள், காரியம் முடியும்வரை அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்து வீட்டார், வாடகையைக் கேட்காமலே முன்கூட்டித் தந்த கடைக்காரர், துக்கத்துக்கு வந்து நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் பெயராகச் சொல்லத்தான் நினைத்தேன், பக்கம் முடிந்துவிட்டது. பெயர் விட்டுப்போனதென்று கோபம் உள்ளவர்கள் நேராக என் தங்கையிடம் போய்க் கேளுங்கள். அவள் தாங்குவாள்.