தாவாரத்துப் பெஞ்சு

கல்மண்டபம் பக்கம் இன்று நடந்தபோது ஒரு கிடங்கிலிருந்து கப்பல் பெட்டிப் பலகையின் பிசின் வாசனை வந்தது. என் பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம் அது. அங்கே எங்கள் சேரிப் பிள்ளைகள் மட்டும் தாவாரத்தில் கோணி விரித்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்துப் படித்தோம். உள்ளே பெஞ்சு போதவில்லை என்பார் தலைமையாசிரியர். ஹார்பரில் மூட்டை தூக்கிய என் நைனாவும் கூட்டாளிகளும் அதை நம்பி, உடைந்த கப்பல் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, இழைத்து, நீளமாக ஒரு பெஞ்சு செய்து தோளில் சுமந்து வந்து கொடுத்தார்கள். மறுநாள் அது தாவாரத்தில் கிடந்தது.

“இன்னா சார், உள்ள போடத்தானே குட்த்தோம்? வெளிய கீதே!” என்றார் நைனா.

“உங்க பசங்களுக்குத்தானேப்பா கொடுத்தீங்க? அவங்கதானே உக்காந்திருக்காங்க?” என்றார் தலைமையாசிரியர்.

அதன்பிறகு தினமும் வேலைக்குப் போகிற வழியில் அவர்கள் பெஞ்சை உள்ளே போடுவதும், மணி அடிப்பதற்குள் அது வெளியே வந்துவிடுவதும், தரையில் அது இழுபடும் கரகரப்பும்தான் என் பள்ளி நாட்கள். எங்கள் குடும்பத்தில் படித்துத் தேறிய முதல் ஆள் நான், தாவாரத்திலிருந்தே தேறினேன்.

இன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கப்பல் பெட்டிகளையெல்லாம் வகுப்பறைக்குள்ளேதான் அடுக்கியிருந்தார்கள்.