காமாக்ஷி டாக்டரின் இரண்டு வரிசைகள்

கடைசியாக அம்மாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, ஒரு தகரப் பெட்டியின் மூடியை வெட்டியது. 1998 மார்ச், ஞாயிற்றுக்கிழமை. அம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டாள், நான் ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். நோயாளியின் மருந்துப் புத்தகம் உள்ளே விழுகிற அளவுக்கு ஒரு நீளத் துளை. "யார் கையையாவது கிழிச்சுடப் போறது. ஓரத்தைத் தேய்" என்றாள். தேய்த்தேன். மாலையில் பெங்களூருக்கு ரயிலேறினேன்.

அம்மா தில்லி ஆர்.கே.புரத்தில் அரசு ஊழியர்களுக்கான ஒரு டிஸ்பென்சரியில் பத்தொன்பது வருடம் டாக்டர். காலை எட்டு முதல் ஒரு மணி வரை நூற்று முப்பது பேர். ஒருவருக்கு இரண்டு நிமிடம் பதினெட்டு நொடி. கணக்குப் போட்டுச் சொன்னேன். "அதுல பாதி உள்ள வரதுக்கே போயிடறது" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் தாயம்மாள் என்ற பியூன் மனைவி மூச்சு இரைக்கிறது என்று வந்தாள். இருமல் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினாள் அம்மா. கோளாறு இருதயத்தில். நான்காம் நாள் தாயம்மாள் இறந்துபோனாள். யாரும் அம்மாவைக் குறை சொல்லவில்லை. "ஸ்டெத் வைக்கலை. வெளியில லைன்ல எல்லாரும் கத்திண்டிருந்தா" என்று அவளே பலமுறை சொன்னாள்.

பதிவேட்டைப் பார்த்தோம். நூற்று முப்பதில் எழுபத்து நான்கு பேர் அதே சர்க்கரை மாத்திரை, அதே ரத்த அழுத்த மாத்திரைக்கு வருகிறவர்கள். பதினைந்து நாளைக்கு ஒரு கையெழுத்துதான் வேண்டும். அவர்கள் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், மதியம் அம்மா படித்துக் கையெழுத்திடுவாள், மறுநாள் மருந்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வர வேண்டும். உடம்பில் மாற்றம் இருந்தால் உடனே வர வேண்டும். மற்ற ஐம்பத்தாறு பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும்.

திட்டம் வேலை செய்தது. எல்லோரும் வெறுத்தார்கள். தமிழர்கள் அதிகமாக வெறுத்தார்கள். டாக்டர் நம்மவர் என்றால் நமக்கு வரிசை கிடையாது என்பது அவர்கள் வழக்கம். மாலையில் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். காபி குடிப்பார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மா அதையும் நிறுத்தினாள். மலை மந்திர் முருகன் கோயிலில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எதிர்ப்பில் முன்னால் நின்றவர் சுந்தரேசன், ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர். டிஸ்பென்சரி வாசலில் சத்தமாகச் சொன்னாராம்: "காமாக்ஷியோட இன்ஜினியர் பொண்ணு நம்மளையெல்லாம் தபால் பெட்டியில போடச் சொல்லியிருக்கா." நோயாளியைப் பார்க்காமலே மருந்து தருகிறார் என்று புகாரும் எழுதினார். மேலதிகாரிகளிடமிருந்து அம்மாவுக்கு மெமோ வந்தது. பத்து நாளில் விளக்கம் தராவிட்டால் பெட்டியை எடுத்துவிடுவார்கள்.

அவர் மனைவியின் புத்தகமும் அந்தப் பெட்டியில்தான் விழுந்தது. மாமியை அவர் ஒரு வருடமாக அழைத்து வரவில்லை. அம்மா கையெழுத்திடவில்லை. நடந்ததை எஸ்.டி.டி. போனில் என்னிடம் சொன்னாள்.

"மாமிக்குக் கால் வீங்கறதுன்னு நீங்கதானே சொன்னேள், மாமா? அழைச்சுண்டு வாங்கோ."

"அவளால லைன்ல நிக்க முடியாது. கையெழுத்தைப் போடு."

"இப்ப லைன் சின்னது மாமா. உக்கார பெஞ்ச் இருக்கு."

"மெமோ வந்தும் திமிர் அடங்கலையா?"

"அது வேற. மாமியைப் பாக்காம எழுத மாட்டேன்."

பிறகு என்னிடம், "வியாழக்கிழமை மத்தியானம் நானே போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

"உன் மேல புகார் எழுதினவர் ஆத்துக்கா?"

"மாமி எழுதலையே."

புதன்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு, ஐம்பத்திரண்டாவது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாற்காலியிலிருந்து சரிந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. வயது ஐம்பத்து நான்கு. அவளுடைய ரத்த அழுத்தத்தை யாரும் பார்த்ததில்லை.

மெமோவுக்குப் பதில் போகவில்லை. அடுத்த வாரம் பெட்டியை எடுத்துவிட்டார்கள். மறுபடி ஒரே வரிசை, நூற்று முப்பது பேர்.

பத்தாம் நாள் சுந்தரேசன் துக்கம் கேட்க வந்தார். "நல்ல மனுஷி. பிடிவாதம்தான் ஜாஸ்தி" என்றார்.

"மாமிக்குக் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"புது டாக்டர் பேசாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார்."

காபி வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவர் வீடு அடுத்த பிளாக்கில், முதல் மாடி. ஆறு நிமிட நடை. மாமியின் காலை இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.