வாயோரத்து ரோஸ் கிரீம்

என் அக்காவைத் திருடி என்று சொன்னவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், வழியில் அவளைப் பார்த்தால் "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்குத்தான் வயிறு எரிகிறது. அதனால் பூசி மெழுகாமல் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா பேக்கரியில் கேக்கின் மேல் பேர் எழுதுகிறவள். கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் 'பேரெழுதுற அக்கா'. கிரீம் நிரப்பிய கூம்புப் பையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கையைத் தூக்காமல் எழுதி முடிப்பாள். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக்குப் பின்னால் அவள் மேசை. அது முதலாளியின் யோசனை. நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தால் ஒருவராவது உள்ளே வருவாராம். அதே கடையில் பெட்டி மடித்து ரிப்பன் கட்டுகிறவள் நான்.

அவளுக்குச் சுகர். மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலின் ஊசிக்குப் போய் வருஷக்கணக்காகிறது. சுகர்காரிக்குப் போயும் போயும் பேக்கரி வேலையா என்று சிரிக்காத ஆள் இல்லை. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விரலை நக்கி நான் பார்த்ததில்லை. கிரீம் புளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் என்னைக் கூப்பிடுவாள். அவளுக்காக ருசி பார்த்தே வளர்ந்த உடம்பு இது. யாரும் வாய் திறந்து ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று நாள் முழுக்க முகக்கவசம் வேறு போட்டுக்கொள்வாள். அடுப்புச் சூட்டில் அது நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றமாட்டாள்.

இவ்வளவும் செய்து என்ன? சுகர் அவள் சொல்பேச்சுக் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் முந்நூறைத் தாண்டி நிற்கும். மறுநாள் அதே சாப்பாடு, அதே ஊசி, ஆனால் மத்தியானத்துக்குள் தடதடவென்று இறங்கிக் கை வெலவெலக்கும். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. டாக்டர் தலையைத் தூக்காமல் சீட்டைப் பார்ப்பார், ஊசி அளவைக் கூட்டுவார், "வாயக் கட்டுங்கம்மா" என்பார். அவ்வளவுதான் வைத்தியம்.

வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று கேட்டுக் கேட்டு அத்தானுக்கு அது வேதவாக்காகிவிட்டது. அத்தான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். இந்த உலகத்தில் இரண்டே ஜாதி மனிதர்கள்தான் அவருக்கு: டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவர்கள், டிக்கெட் எடுக்காமல் இன்னும் மாட்டாதவர்கள். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவார். அந்தப் புத்தியை மட்டும் கழற்றமாட்டார்.

"வாயத் தொற" என்பார்.

அக்கா திறப்பாள். அவர் குனிந்து மோந்து பார்ப்பார். கட்டிய பெண்டாட்டியின் வாயை, நான் நிற்கிறேன் என்ற கூச்சம்கூட இல்லாமல்.

"வெனிலா வாடை அடிக்குது."

"பேக்கரியில வேல செய்றவகிட்ட வேற என்ன அத்தான் அடிக்கும்? பினாயிலா?" என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அவளுக்குச் சண்டை பிடிக்காது. இந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டுதான் அவள் உருப்படாமல் போனாள்.

இதற்கு நடுவில் கண் மங்கிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம். வரி கோணலாகப் போனது. ஒரு குழந்தையின் பேரில் ஓர் எழுத்து விட்டுப்போய், அதன் அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியபோது அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆபரேஷன் செய்தால் தெளிவாகிவிடும் என்றார்கள். ஆனால் சுகர் கட்டுக்குள் வராமல் கண்ணில் கை வைக்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். நாள் குறிப்பார்கள், அன்று காலையில் சுகர் எகிறி நிற்கும், திருப்பி அனுப்புவார்கள். முதலாளி நல்லவர் மாதிரியே சொன்னார்: "பாருங்கக்கா, கண்ணு சரியானா உங்க மேச உங்களுக்குத்தான். இல்லாட்டி நான் வேற ஆளு பாக்கணும்." அக்காவுக்கு அந்த மேசைதான் உயிர். வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

ஊசிப் பேனாவில் பின்பக்கத்தைத் திருகி அளவு வைக்க வேண்டும். அந்தச் சின்ன எண் அவளுக்குத் தெரியாமல் போனதும் அத்தான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் அளவைத் திருகி வைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார். அதோடு விட்டாரா? சுகர் இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள அவள் ஏப்ரன் பையில் வைத்திருந்த குளுக்கோஸ் பொட்டலத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். "மருந்துன்னு சொல்லி இதையும் தின்னுவ நீ." இறங்கும்போது என்ன செய்வதாம்? ரொட்டித் துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டுமாம்.

காலைச் சாப்பாடு பேக்கரியில்தான் என்பதால் ஊசியும் அங்கேதான். மாவு மூட்டைகளுக்கு நடுவில் போய் நின்று, கட்டிய ஏப்ரனை அவிழ்க்காமல், இடது ஓரமாக உள்ளே கையை விட்டு வயிற்றில் குத்திக்கொண்டு வந்துவிடுவாள். அவிழ்த்தால் மறுபடி கட்ட வேண்டும், மறுபடி கை கழுவ வேண்டும், அதற்குள் முதலாளி "எங்க போனாங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். கை போகிற இடம் ஒரே இடம். அங்கே குத்தினால் வலிப்பதே இல்லை என்று அதில் ஒரு பெருமை வேறு. "வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குதுடி" என்பாள்.

வழக்கமான டாக்டர் லீவில் போன வாரம், அவர் இடத்தில் ஒரு புது டாக்டர் இருந்தார். அவர்தான் முதன்முதலாகச் சீட்டை மூடி வைத்துவிட்டு, "எங்க ஊசி போடுறீங்க, காட்டுங்க" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் தோலுக்கடியில் முட்டை மாதிரி கெட்டியாக ஒரு கட்டி. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு திரண்டிருக்கிறது. போடுகிற மருந்து அதற்குள் சிக்கிக்கொள்கிறது. ஒரு நாள் உள்ளேயே கிடக்கும், ஒரு நாள் நினைத்த நேரத்துக்குக் கசியும். அதனால்தான் இந்த ஏற்றமும் இறக்கமும். அதுதான் விஷயம்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அத்தான் பக்கத்தில் நின்றிருந்தார். கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள் என் அக்கா. இந்த வயதில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

"கட்டிதாண்டி! நான் தின்னல, கட்டிதாண்டி! தொட்டுப் பாரு!"

அத்தனை பேர் நடுவில் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உடம்பில் கட்டி இருக்கிறதென்று இப்படிச் சந்தோஷப்பட்ட பிறவியை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தானை நிமிர்ந்து பார்த்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"கட்டியாம் கட்டி" என்றார் அவர். "பஸ்ல கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் வச்சிருப்பான்."

"இனிமே வலது பக்கம், தொடன்னு மாத்தி மாத்திப் போடணுமாம்" என்றாள் அக்கா என்னிடம். "புது எடத்துல போட்டா மருந்து முழுசா ஏறுமாம். அதனால அளவ நல்லாக் கொறைக்கச் சொல்லியிருக்காரு. அத உங்க அத்தான் பாத்துக்குவாரு." அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை கடையில் பெரிய ஆர்டர். அக்கா மூட்டைகளுக்கு நடுவில் போய், அன்றைக்கு ஏப்ரனை அவிழ்த்து, வலது பக்கம் பார்த்து ஊசி போட்டுக்கொண்டாள். "வலிக்குதுடி" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். வலித்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சாப்பிட்டுவிட்டு மேசைக்குப் போய்விட்டாள்.

நான் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தேன். எதற்கோ திரும்பிப் பார்த்தால், ரோஸ் கிரீமில் அவள் எழுதிக்கொண்டிருந்த வரி கேக்கை விட்டு இறங்கி, அட்டையைத் தாண்டி, மேசை மேல் போய்க்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. நேராகத்தான் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சட்டை முதுகு தொப்பலாக நனைந்திருந்தது.

"அக்கா!"

"வாழ்த்துக்கு அடுத்தது என்னடி?" என்றாள். யாரோ மாதிரி குரல்.

சுகர் இறங்கிவிட்டது என்று புரிந்துவிட்டது. ஏப்ரன் பையில் கையை விட்டேன். குளுக்கோஸ் ஏது? அதைத்தான் மகராசன் பிடுங்கி வைத்திருந்தாரே. முகக்கவசத்தை இழுத்துவிட்டு, எதிரே இருந்த கிண்ணத்திலிருந்து ரோஸ் கிரீமை வழித்து அவள் வாய்க்குக் கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினாள். நான் பலவந்தமாகத் திணிக்க, அவள் துப்பினாள். எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, என் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் தொடல" என்றாள். "சத்தியமா நான் தொடல."

"தின்னுக்கா! மருந்துக்கா இது! செத்துப்போயிருவக்கா, தின்னு!"

"தொடவே இல்லீங்க. வேணும்னா மோந்து பாருங்க."

அப்படிச் சொல்லி வாயைத் திறந்தாள். மோந்து பார்ப்பதற்காக. தினமும் சாயங்காலம் அவருக்குத் திறப்பாளே, அதே மாதிரி. அந்தத் திறந்த வாய்க்குள்தான் நான் கிரீமை அப்பினேன். கன்னத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன். அவள் சரிந்து விழுந்தாள், நானும் கூடவே விழுந்தேன். அவள் வாய், மூக்கு, தாடை, என் முழங்கை வரைக்கும் ஒரே ரோஸ். கண்ணாடிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளி ஓடி வந்து, "ஐயையோ, இத்தன பேரு பாக்கறாங்களே!" என்றார். அவர் கவலை அவருக்கு.

ஆம்புலன்ஸில் கொண்டுபோய், குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம், வாயில் கிரீம் போனது நல்லதாயிற்று என்று அங்கே சொன்னார்கள். அத்தான் வந்தார். கட்டிலில் கிடந்தவளை எட்டிப் பார்த்தார். வாயோரத்தில் காய்ந்துபோய்த் துளி ரோஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. உயிரோடிருக்கிறாளா என்றுகூட அவர் கேட்கவில்லை.

"பாத்தியா? கையும் களவுமா மாட்டிக்கிட்டா."

"அது நான் அப்பினது அத்தான்! சுகர் எறங்கி விழுந்துட்டா!"

"எறங்கிச்சா? எப்படி எறங்கும்? நான் பழைய அளவுலதான வச்சுக் குடுத்தேன்."

"டாக்டர் கொறைக்கச் சொன்னாருல்ல?"

"அவரு ஒரு வாரத்துக்கு வந்த ஆளு, அவருக்கு என்ன தெரியும்? கொறைச்சு வச்சா இவ தின்னுட்டு ஏத்திக்குவா. எப்படியும் தின்னுவான்னுதான் கொறைக்கல. தின்னுதான இருக்கா?"

என் கையில் அப்போது தண்ணீர் பாட்டில் இருந்தது. நிறைந்த பாட்டில். எறியாமல் விட்டுவிட்டேனே என்று இன்றுவரைக்கும் ஆறவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அதுதான் கொடுமை. அந்தப் புது டாக்டரையே தேடிப் போய் அளவை எழுதி வாங்கினேன். வேலைக்குப் போகும் முன் தினமும் நானே அவள் வீட்டுக்குப் போய்த் திருகி வைத்தேன். இடம் மாற்றி மாற்றிப் போட்டதில் சுகர் அடங்கியது. கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது அக்காவுக்கு எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற சட்டையின் பொத்தான்கூடத் தெரிகிறது. பார்க்க வருகிறவர்களிடம் அத்தான், "நான் மட்டும் கெடுபிடியா இல்லாம இருந்திருந்தா இந்தக் கண்ணு வந்திருக்குமா?" என்கிறார். வந்தவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

மேசைதான் போய்விட்டது. "எனக்குத் தெரியும்மா, உங்கக்கா தங்கமானவங்க" என்றார் முதலாளி. "ஆனா கண்ணாடி வழியா பாத்தவங்க வாய மூட முடியுமா? கேக்கு செய்றவங்களே அள்ளித் தின்னு உருண்டாங்கன்னு பேசிக்கிறாங்க." அங்கே இப்போது ஒரு சின்னப் பெண் எழுதுகிறாள். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. எழுதி முடித்ததும் விரலை நக்குகிறாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போடாத அந்தப் புதுக் கண்ணால் என்னையே பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும்டி. மறைக்காம சொல்லணும்."

"என்னக்கா?"

"அன்னைக்கு நடந்தது எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. எழுத ஆரம்பிச்சது தெரியும். அப்புறம் ஆஸ்பத்திரிதான். நடுவுல..." மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "நான் தின்னேனாடி?"

"என்னக்கா கேக்குற நீ? நீ வாயவே தொறக்கல. துப்புன. நாந்தான்க்கா அப்பினேன். எங்கையால."

"அவரு நான் தின்னேன்னு சொல்றாரு. கடையில பாத்தவங்களும் அதத்தான் சொல்றாங்க. வாயெல்லாம் இருந்துச்சாமே."

"அக்கா, என் கண்ணால பாத்தேன்க்கா. நீ தொடவே இல்ல."

அவள் என் கன்னத்தைத் தடவிவிட்டு, அடுத்த துணியை எடுத்தாள்.

"நீ என் தங்கச்சி. நீ அப்படித்தான் சொல்லுவ."