பொட்டு அளவு ஆபரேஷன்

இந்த ஆடியில் எங்கள் வீட்டில் ஒரு வயிறு பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. என் ஓரகத்தி கீதாவின் வயிறு!

கீதா மாமியாரோடு இருக்கிறாள். நான் இரண்டு தெரு தள்ளித் தனிக்குடித்தனம். எனக்கும் மாமியாருக்கும் இவ்வளவு பாசம் இருப்பதற்கு அந்த இரண்டு தெருதான் காரணம். (அவர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

ஒருநாள் காலை கீதாவுக்கு வயிற்றுவலி. "வாய்வுதான்" என்றார் மாமியார். ஓமத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் சோடா. மதியம் அவள் நிமிர முடியாமல் சுருண்டதும், நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். குடல்வால் வெடித்துவிட்டதாம். உடனே ஆபரேஷன்.

லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் மூன்றே துளை. ஒன்றில் கேமரா, மற்ற இரண்டில் கருவிகள்... குடல்வாலை எடுத்து, பரவியிருந்த சீழையும் கழுவிவிட்டார்கள். பெண் டாக்டர் மாமியாரிடமே தெளிவாகச் சொன்னார். "வெளியேதான்மா சின்ன காயம். உள்ளே பெரிய ரணம். கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கவே கூடாது."

"ஆங்" என்று மாமியாரும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். கனகம்மாசத்திரத்துச் சின்ன மாமியார் சாத்துக்குடியோடு வந்தார். நகரியில் வாக்கப்பட்ட நாத்தனார் பிரெட்டோடு வந்தாள். நலம் விசாரித்த கையோடு எல்லோரும் கேட்டது ஒன்றுதான் — "எங்க, காட்டு பாக்கலாம்."

கீதா காட்டினாள். பொட்டு அளவில் மூன்று பிளாஸ்டர்.

"இவ்ளோதானா வதினா?" அண்ணியைக் கேட்ட நாத்தனார் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. இதற்காகவா பஸ் ஏறி வந்தோம்?

அவளை அப்படியே அனுப்ப மாமியாருக்கு மனசு வரவில்லை. தன் கர்ப்பப்பை ஆபரேஷன் தழும்பைக் காட்டினார். பூரான் மாதிரி நீளமாக இருந்தது. "இது ஆபரேஷனு. இவளுக்கு இன்னா, கொசு கடிச்சா மாதிரி கீது."

ஆடிக் கிருத்திகை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் திருத்தணியில் எந்த வீடும் வீடாக இருக்காது, சத்திரம்தான். காவடியோடு வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அண்டா அண்டாவாகப் பொங்கிப் போட வேண்டும். கொசு கடித்ததற்காக ஒரு மருமகள் படுத்துக் கிடக்கலாமா?

நான் பார்க்கப் போன அன்று கீதா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பாதியில் இறக்கி வைத்துவிட்டு, வெளுத்த முகத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"டாக்டர் என்ன சொன்னாங்க அத்தே? உள்ளே ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"இன்னாத்துக்கு கத்துற? எனக்கு வயித்தைக் கிழிச்சப்போ தையல் பிரிஞ்சிடும்னு மூணு மாசம் படுக்க வச்சாங்க. எங்க மாமியாரே கஞ்சி காச்சி ஊத்துச்சு. நான் படுத்துகினு சாப்ட்டது அந்த ஒருவாட்டிதான்." கீதாவை ஒரு பார்வை பார்த்தார். "இவளுக்குப் பிரியறதுக்கு இன்னா கீது?"

அவர் கொடுமைக்காரி இல்லை. தையலுக்குத்தான் ஓய்வு, பொம்பளைக்கு இல்லை என்று அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள். கோபம் போய் எனக்குப் பாவமாகிவிட்டது.

மறு செக்கப்புக்கு நான்தான் கீதாவைக் கூட்டிப்போனேன். டாக்டர் பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்தார். "நல்லா ஆறிடுச்சு. இனிமே பிளாஸ்டரே வேணாம். ஆனா, வெயிட் மட்டும் தூக்காதீங்க."

கீதாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"டாக்டர்... பெருசா ஒரு பிளாஸ்டர் போட்டு அனுப்புறீங்களா?" நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

டாக்டர் சிரித்தார். கீதா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"யாருக்குங்க பிளாஸ்டர்?"

"எங்க மாமியாருக்கு" என்றேன் நான்.

அவரும் ஒரு வீட்டு மருமகள்தான் போலிருக்கிறது. மேற்கொண்டு கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, பஞ்சை நன்றாக உப்பலாக வைத்து, நீளமாக ஒட்டச் சொன்னார்.

வீட்டில் அதைப் பார்த்ததும் மாமியார் பதறிவிட்டார். "இன்னாம்மா இது? மறுபடியும் கிழிச்சாங்களா?"

கீதாவுக்குப் பொய் சொல்ல வராது. என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஆங்" என்றாள்.

"அடக் கடவுளே... படு, படு. எழுந்துக்காத."

கிருத்திகை அன்று வீடு நிறையச் சொந்தம். கீதா கட்டிலில் படுத்திருந்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். நிஜமான பாசம், குறையே சொல்ல முடியாது.

அண்டாவைத் தூக்கியது யார் என்கிறீர்களா?

என் வயிற்றில்தான் ஒரு கீறல்கூட இல்லையே!