சறுக்குமரம் இல்லாத கப்பல்

"சறுக்குமரம் எத்தனை இருக்கு? இல்ல தம்பி, நீச்சல் குளம் எவ்வளவு பெரிசுன்னு நான் கேக்கல. அதுக்குள்ள விழற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வருமே, அது எத்தனை? மூணா? சரி, வச்சிடுங்க."

என் மேசைத் தொலைபேசியில், என் செலவில், கப்பல் கம்பெனிக்காரர்களை இப்படி ஒருவர் பின் ஒருவராகக் குடைந்துகொண்டிருக்கும் பெண்மணியைத் தெருவே க்ரீச் அம்மா என்றுதான் கூப்பிடும். தன் வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். பயணச்சீட்டு போட்டுக் கொடுக்கும் என் அலுவலகத்துக்குக் கொஞ்ச காலமாக வாராவாரம் வருகிறார். கப்பல் எந்தக் கடலில் போகிறது, எந்த ஊரில் நிற்கிறது என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. குழந்தைகள் ஏறாத கப்பலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் காப்பிக் கோப்பையையும் கத்தரிக்கோலையும் மேசை விளிம்பிலிருந்து நடுவுக்குத் தள்ளிவிடுவார். அவிழ்ந்து கிடந்த என் ஷூ நாடாவைக் குனிந்து கட்டிவிட்டதும் உண்டு. நான் கணினியில் தேடத் தாமதமானால், "ஒண்ணு... ரெண்டு... ரெண்டே கால்..." என்று எண்ண ஆரம்பித்துவிடுவார். மூன்று வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை வர விட்டதில்லை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுக்கும்போது யாருடையதோ ஒற்றைக் காலுறையும் கூடவே வரும். "அடடா, இது அந்த வாலு பயலோடது" என்று மறுபடி உள்ளே போட்டுக்கொள்வார்.

கப்பல் படங்களை அவர் பார்க்கும் விதமே தனி. சூரிய அஸ்தமனத்தை அப்படியே புரட்டிவிடுவார். அறையின் படத்தில்தான் விரல் நிற்கும். "சுவத்துல மூணாவது படுக்கையை மடிச்சு வச்சிருக்கான் பாருங்க. அது யாருக்கு? உங்களுக்கா, எனக்கா?" சாப்பாட்டு அட்டையில் உருளைக்கிழங்கு வறுவல் முதல் வரியில் இருந்தால் அந்தக் கப்பல் அங்கேயே மூழ்கியது. புறப்படும் தேதி பள்ளிக்கூடப் பரீட்சை நேரத்தில் விழுந்தால் மட்டும் முகம் மலரும். "எந்தத் தகப்பன் பரீட்சையை விட்டுட்டுப் பிள்ளையைக் கப்பல்ல ஏத்துவான்?"

எனக்கு இது ஆச்சரியமாகவே இருந்தது. பகலெல்லாம் இடுப்பில் ஒன்றும் காலைக் கட்டிக்கொண்டு ஒன்றுமாக நிற்பவர். அவர் தூக்கினால்தான் அழுகையை நிறுத்துவேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். என் வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளைங்கன்னா அவ்வளவு அலுத்துப் போச்சாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அலுத்துப் போச்சா? யார் சொன்னா?" என்று சுள்ளென்று திரும்பினார். பிறகு குரல் இறங்கியது. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர் கணவர். அந்த இரைச்சலில் ஒரு காது போய்விட்டது. இன்னொன்றும் வெகுநாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"காதுல மிஷின் வச்சா, ஒருத்தர் பேசினா நல்லாத்தான் கேக்குது. ஒரு குழந்தை வீல்னு கத்திடுச்சுன்னா ஊசி குத்தற மாதிரி இருக்காம். கழட்டிப் பையில போட்டுக்குவார். கீழ பூராவும் குழந்தைங்க. சாயங்காலம் அதுங்க போனதுக்கப்புறம் எனக்கு வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அவர்கிட்ட சொல்ல ஆரம்பிச்சதெல்லாம் பாதியிலயே நிக்குது தம்பி. அந்தக் காதும் போறதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும்."

அன்றே அலைந்து திரிந்து, பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரையுமே ஏற்றாத ஒரு கப்பலைப் பிடித்தேன். அடுத்த வாரம் அவர் வந்ததும் பெருமையோடு அதன் வீடியோவை ஓடவிட்டேன். கண்டிப்பாக ஒரு குழந்தைகூட இல்லை. மேல்தளத்தில் ஆளுயர ஒலிபெருக்கிகள். தொப்பையும் கறுப்புக் கண்ணாடியுமாக நாலு பெரியவர்கள் விசில் ஊதிக்கொண்டு சோப்பு நுரைக்குள் குதித்தார்கள். ஒருவர் இன்னொருவர் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டினார்.

க்ரீச் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். "இதுங்களை யாரு தூங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

வழிந்துகொண்டே இன்னொன்றைக் காட்டினேன். பழைய சின்னக் கப்பல், சறுக்குமரம் கிடையாது, பரீட்சை நேரத்தில் புறப்படுகிறது. ஆனால் இரண்டு கைக்குழந்தைகள் வருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"கைக்குழந்தையா? நடக்கிற வயசில்லையே?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப தேவலாம். அதுங்க தூங்கற நேரத்துல கப்பலே குசுகுசுன்னுதான் பேசும். இருந்தாலும் காது அவரோடது. அவரே வந்து சொல்லட்டும்."

அடுத்த முறை கணவரோடு வந்தார். நெடுநெடுவென்று உயரமான மனிதர். காதில் விழாத கேள்விக்கெல்லாம் புன்னகைதான் பதில். இரண்டு கப்பல்களின் படங்களையும் அவர் முன் வைத்தேன். வாய் திறக்கப் போகும் நேரம் பார்த்து, காத்திருந்த வேறொரு வாடிக்கையாளரின் மகன் தரையில் விழுந்து வீறிட்டான். கணவரின் கை சட்டென்று காதுக்குப் போனது. மிஷின் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

க்ரீச் அம்மா எழுந்தார். தாயிடம் கண்ணாலேயே அனுமதி கேட்டுவிட்டுப் பையனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளித் தெருவுக்குப் போனார். அலுவலகம் அமைதியானது.

கணவர் மிஷினை மறுபடி மாட்டிக்கொண்டார். "அவளுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

"சின்னக் கப்பல் சார். ஆனா உங்களைத்தான் முடிவு பண்ணச் சொன்னாங்க."

"எனக்குக் கப்பலும் வேணாம், கடலும் வேணாம் தம்பி. ஏதோ பேசணும் பேசணும்னு சொல்லிட்டே இருக்கா. கேட்டுடணும்." சின்னக் கப்பலின் மேல் விரலை வைத்தார். "இதையே போட்டுடுங்க."

பிறகு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். பையன் இன்னும் ஓயவில்லை. க்ரீச் அம்மா அவனைக் குலுக்கிக்கொண்டே எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைவது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. கணவர் எழுந்து வெளியே போனார்.

கதவு மூடுவதற்குள் பையனின் வீறல் உள்ளே பாய்ந்தது. கணவரின் தோள் வலியில் ஒடுங்கியதைப் பார்த்தேன். மனைவி அவரிடம் ஏதோ கேட்டார். கணவரின் கை காதுக்குப் போனது. மிஷினைக் கழற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, இன்னும் கொஞ்சம் குனிந்து, மனைவியின் வாயருகே காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.