யாரோ கை வைத்திருக்கிறார்கள்

மூன்று சத்தம். குட்டையாக, ஒரே அளவில், பீப் பீப் பீப் என்று மூன்று. அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. திரை கறுப்பாகவே கிடக்கும், உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று தெரியும். மெமரியில் கோளாறு, மேற்கொண்டு என்னால் கிளம்ப முடியாது என்று இயந்திரம் கையை விரிக்கும் சத்தம் அது. எனக்கு அது ஒரு மனிதரின் முகத்தோடு சேர்ந்துதான் கேட்கும். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் வேலை பார்த்த கல்லூரியில் எல்லோரும் ஹெட்கிளார்க் அண்ணாச்சி என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மதராஸில் இருக்கும் வண்ணாரப்பேட்டை அல்ல, எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் விற்பனைக் கடையில் சர்வீஸ் என்ஜினியர். டிப்ளமா முடித்து, மதராஸில் ஆறு மாதம் ஏதோ கோர்ஸ் படித்துவிட்டு வந்தவன். அந்த ஆறு மாதத்தில் தலைக்கனம் ஏறிய அளவுக்கு வேலை ஏறவில்லை. கையில் திருப்புளிப் பெட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. எந்த ஆபீசுக்குப் போனாலும் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். பெட்டியின் மூடியைத் திறந்தால் சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வயதில் அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆற்றங்கரையோரம் இருந்த ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்கு நாங்கள் ஒரு கம்ப்யூட்டர் விற்றிருந்தோம். மாணவர்களின் மார்க்கையெல்லாம் அதில்தான் ஏற்றினார்கள். அதற்கென்று ஒரு சின்ன அறை, ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். பிரின்சிபால் அறையில்கூட ஏசி இல்லாத காலம். அந்தக் கம்ப்யூட்டர் வந்தது ஹெட்கிளார்க் அண்ணாச்சிக்கு அடியோடு பிடிக்கவில்லை. ஒல்லியான மனிதர், நெற்றி நிறைய விபூதி, யாரிடமும் இதமாக நாலு வார்த்தை பேசத் தெரியாது. மார்க் எழுத தினக்கூலிக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் அவர் சண்டை போட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. பெட்டியை இறக்கிவைத்த அன்று பிரின்சிபால் காதுபடவே சொன்னார்.

"இந்தப் பொட்டி வந்துட்டுன்னா இந்த ரெண்டு பிள்ளையளும் எங்க போவும்? ஒருநாளு இது உங்க எல்லாரையும் கவுத்திரும், பாத்துக்கிடுங்க."

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. போனேன். மூன்று சத்தம். மூடியைக் கழற்றி, கார்டுகளையும் சிப்புகளையும் கட்டை விரலால் அமுக்கிவிட்டு ஸ்விட்ச் போட்டேன். கிளம்பிவிட்டது. அந்தக் காலத்து மெமரி இப்போது வருவது மாதிரி ஒரே பட்டையாக இருக்காது. கறுப்புக் கறுப்பாகக் குட்டிச் சிப்புகள், ஆளுக்கு எட்டும் எட்டும் பதினாறு கால், வரிசையாகக் குழிகளில் உட்கார்ந்திருக்கும். ஏதோ லூஸ் காண்டாக்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் திங்கட்கிழமை, மறுபடியும் மூன்று சத்தம். மூன்றாவது தடவை போனபோதுதான் கவனித்தேன். ஓரத்தில் இருந்த ஒரு சிப்பு ஒரு பக்கமாக அரிசி மணி அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. போன தடவை அதை நானே அமுக்கியிருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. நான் உட்கார வைத்ததை எடுத்தது யார்?

நாலாவது திங்கட்கிழமை முதலாளியே ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் ஒரே பாட்டு.

"ஏலே, அடுத்த வருசம் லேபுக்குப் பத்து மிசினு எடுக்கப் போறாவ. நம்ம மிசினு மேல குத்தம்னு ஒரு வரி வந்துரப்படாது, கேட்டியா?"

கேட்டேன். கேட்டுக்கொண்டுதான் மூடியைத் திறந்தேன். அதே சிப்பு, அதே மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

பிரின்சிபால் கெட்டிக்காரர். நான்கு தடவையும் திங்கட்கிழமை என்றதும் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பிரிவைத் திறப்பது யார்? "ஹெட்கிளார்க் அண்ணாச்சி மட்டுந்தான் சார். வாரந்தவறாம காலையில வந்து ரெஜிஸ்தர் எழுதிட்டுப் போவாக." அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, சிப்பு தானாக எழும்புமா தம்பி என்று கேட்டார்.

"அதுக்குக் காலு இருக்கு சார், ஆனா நடக்காது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் நல்ல ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தமிழில் சொன்னால், இயந்திரத்தின் உள்பாகத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பொய் சொல்கிறோம் என்று நினைத்து எழுதவில்லை, சத்தியமாக. ஆனால் வேறு காரணம் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா என்றால், அதுவும் இல்லை. அந்த வரி எல்லோருக்கும் வசதியாக இருந்தது, எனக்கும்தான்.

அன்றைக்கே முதலாளி இன்னொரு காரியமும் செய்தார். மறுபடி போன் வந்துவிடக் கூடாதென்று பெட்டிக்குள் இருந்த மெயின் போர்டையே சிப்புகளோடு சேர்த்துக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் வேறொன்றை மாட்டச் சொன்னார். மாட்டினேன். அதற்குப் பிறகு கோளாறே வரவில்லை. அண்ணாச்சியிடமிருந்து அறைச் சாவியை வாங்கியதும் அதே வாரம்தான். ஆளை விலக்கினதும் கோளாறும் போயிற்று பார்த்தீர்களா என்று ஊர் முழுக்கப் பேச்சு. மார்க் இருக்கிற பெட்டி இல்லையா? பெட்டியைக் கழற்றினார் என்பது பத்தே நாளில் மார்க்கைத் திருத்தப் பார்த்தார் என்று ஆகிவிட்டது. பையன்கள் சுவரில் கரிக்கட்டியால் எழுதினார்கள். விசாரணை என்று ஒன்று நடந்திருந்தாலாவது அவர் வாய் திறந்திருப்பார், அதுவும் நடக்கவில்லை. நூலகத்தில் பழைய பேப்பர் போட்டு வைக்கும் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு சாயங்காலம் அவர் கடைக்கு வந்தார். முதலாளி இல்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். அந்த ஏசி அறைப் பழக்கம்.

"தம்பி, நான் அந்தப் பொட்டியத் தொட்டத நீரு பாத்தீரா?"

"நான் பாத்ததத்தான் எழுதுனேன் அண்ணாச்சி. சிப்பு தூக்கியிருந்துச்சு."

"தூக்கியிருந்திருக்கும், நான் இல்லங்கல. எனக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியாதுவே. அந்த மூடிய எங்கன தொறக்கணும்னு கூடத் தெரியாது. எனக்கு அது பிடிக்காது, வாஸ்தவம். பிடிக்காட்டா கை வச்சிருவனா?" குரல் ஏறி இறங்கியது. "ஒரே ஒரு வரி எழுதித் தாரும். வேற காரணமும் இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாதுன்னு. அது போதும் எனக்கு. வேலைக்காவக் கேக்கல. வீட்டுலகூட ஒரு மாதிரியாப் பாக்காவ."

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலாளியைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்றேன். அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு பைய இறங்கிப் போனார். அடுத்த மாதம் அவரே வேலையை விட்டு நிற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம் இருந்தது.

அந்தச் சம்பவத்தால் எங்கள் கடையில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. எங்கே கம்ப்யூட்டர் வைத்தாலும் மூடியின் திருகாணிகள் மேல் காகிதச் சீல் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும். யாராவது கை வைத்தால் சீல் கிழிந்துவிடும். யோசனை என்னுடையதுதான். மறு கோடையில், கூடங்குளத்துக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தோம். அதற்குள் முதலாளி போடச் சொன்னது கல்லூரியிலிருந்து கழற்றி வந்த அதே போர்டு. நன்றாகத்தானே இருக்கிறது, வீணாகப் போக வேண்டாம் என்றார். நானே மாட்டினேன், நானே சீல் ஒட்டினேன். லீவுக்குப் பள்ளியைப் பூட்டிவிட்டு ஜூனில் திறந்தார்கள். பள்ளிப் பொறுப்பில் இருந்த மதர் போன் செய்தார்.

போய் ஸ்விட்சைப் போட்டேன். மூன்று சத்தம்.

சீல் மேல் என் கையெழுத்து அப்படியே இருந்தது. நாலு திருகாணியிலும் இருந்தது. கிழித்துவிட்டுத் திறந்தேன். அதே ஓரத்தில், அதே சிப்பு, அரிசி மணி அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. "என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கீங்க? தண்ணி குடிக்கீங்களா?" என்று மதர் கேட்டார்.

கம்ப்யூட்டர் கம்பெனியின் மதராஸ் ஆபீசில் அனுபவஸ்தர் ஒருவர் இருந்தார். அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். இது தெரியாதா உனக்கு என்றார். சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், குழி லூசாக இருந்தால் சிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவிடும், எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்றார். அந்தக் கல்லூரி அறையில் வாரத்தில் ஆறு நாள் ஏசி. ஞாயிற்றுக்கிழமை ஏசியை நிறுத்திவிடுவார்கள், நம்ம ஊர் வெயிலில் அறை அடுப்பாகிவிடும். திங்கள் காலையில் மறுபடி குளிர். ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குள் கை வைத்தது வெயில். ஹெட்கிளார்க் அண்ணாச்சி பக்கத்து அறையில் ரெஜிஸ்தர் எழுதிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

முதலாளியிடம் சொன்னேன். "செத்த பாம்ப எதுக்குலே அடிக்க? அந்தாளுதான் போய்ட்டாரே. வேலையப் பாரு" என்றார். கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினேன், போடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, எல்லோரும் சிரித்த அந்த அறைக்குப் போய் நான் சொன்னது தப்பு என்று சொல்லும் வெட்கம். வாட்ச்மேனிடம் விசாரித்து வைத்துக்கொண்டேன். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாங்குநேரி, பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. நாகர்கோவில் பக்கம் வேலைக்குப் போகும் போதெல்லாம் பஸ் நாங்குநேரியில் டீ குடிக்கப் பத்து நிமிஷம் நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். இறங்கினால் கூப்பிடு தூரம். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று எத்தனை தடவை அந்தப் பத்து நிமிஷத்தைக் கடத்தினேன் என்று கணக்கே இல்லை. வெட்கங்கெட்ட பயல், வேறென்ன சொல்ல?

இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். இன்றைக்கும் கெட்டுப்போன கம்ப்யூட்டரைக் கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, இதில் யார் கை வைத்திருப்பார்கள் என்றுதான். தெரியாது என்று சொல்லிவிடுவேன். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். இவ்வளவு விஷயம் தெரிந்த ஆளுக்கு இது தெரியவில்லையே என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கடைசியில் நாங்குநேரியில் இறங்கியது தைரியம் வந்து அல்ல. பஸ் பஞ்சர். ஒரு மணி நேரம் ஆகும் என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அதற்குள் ஏழு வருஷம் ஓடியிருந்தது. கோயிலைச் சுற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய் வீட்டைக் கேட்டபோது, எதிர் வீட்டுக்காரர் கையைக் காட்டிவிட்டு, அவர் தவறி நாலு மாசம் ஆச்சே என்றார். திரும்பியிருக்கலாம். அதற்குள் அவர் மனைவி வாசலுக்கு வந்துவிட்டார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் யார் என்று சொன்னேன். அந்த அம்மாள் முகம் மாறவில்லை. சொல்லுங்க என்றார். சிப்பு, சூடு, சீல், கன்னியர் மடம் எல்லாவற்றையும் உளறிக்கொட்டிச் சொன்னேன். பாதி அவருக்குப் புரிந்திருக்காது. முடித்ததும் ஒன்றை மட்டும் கேட்டார்.

"அப்ப அவுக தொடவே இல்லையா?"

"இல்லம்மா. அவரு தொடவே இல்ல."

திட்டுவார், அழுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் செய்யவில்லை. சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்கிறாரா அவரிடம் சொல்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்.

"தெனமும் சொல்லுவாகய்யா. சோறு வைக்கும்போதெல்லாம் சொல்லுவாக, நான் தொடலட்டீன்னு. சரி விடுங்க, போனது போவுதுன்னுதான் சொல்லுவேன். ஏதோ கோவத்துல செஞ்சிருப்பாக, மனுசன்தானேன்னு நானே மன்னிச்சு வச்சிருந்தேன்." முந்தானையால் போட்டோக் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க தொட்டிருக்க மாட்டீகன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் சொன்னதில்லையேய்யா."

அவர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.